வீட்டுத் தோட்டத்துல செயற்கைப் புல் போட எவ்வளவு ஆகும்? முதல் தடவை போடறவங்களுக்கு

சதுர அடி எவ்வளவு? செயற்கைப் புல் போடலாம்னு நினைக்கிற யாரும் மொதல்ல கேக்கறது இதைத்தான். நானும் இதைத்தான் கேட்டேன், அதுலயே எங்க அக்கா வீட்டுக் காசு ஒரு தடவை வீணாப் போச்சு. அதனால புல்லோட விலையவிட புல்லுக்குக் கீழ என்ன இருக்குங்கறதப் பத்திதான் இங்க நிறைய சொல்லப் போறேன், சிங்கப்பூர்ல செலவு ஏறறதும் இறங்கறதும் அங்கதான்.

அக்கா வீடு செம்பவாங் பக்கம், டெரஸ் வீடு (ஒண்ணோட ஒண்ணு ஒட்டின வரிசை வீடு), பின்னாடி 12 அடிக்கு 20 அடி ஒரு தோட்டம். முன்ன கவ் கிராஸ்ங்கற நிஜப் புல்லுதான் இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க மாடி எடுத்துக் கட்டினதுக்கு அப்புறம் வெயில் விழறது நின்னு போயி, புல்லு திட்டுத் திட்டா செத்து ஒரே சேறாயிடுச்சு, அக்காவோட மாமியாருக்கு 74 வயசு, துணி காயப் போடப் போனவங்க வழுக்கி விழுந்துட்டாங்க, நல்லவேளை எலும்புக்கு ஒண்ணும் ஆகல. அன்னிக்கே புல்ல மாத்திடணும்னு முடிவு பண்ணி, சதுர அடி 6 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), எல்லாம் சேர்த்துன்னு சொன்ன ஒரு காண்ட்ராக்டர கூப்பிட்டோம். காலையில வந்தாங்க, இருந்த மண்ண லேசா தட்டி சமப்படுத்தி அது மேலயே விரிச்சு ஓரத்துல ஆணி அடிச்சுட்டு மதியச் சாப்பாட்டுக்குள்ள கிளம்பிட்டாங்க. 1,440 வெள்ளி. பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு.

டிசம்பர் மழை வந்துச்சு. ரெண்டே வாரத்துல நடுவுல பள்ளம், ஓரத்துல மேடு, கால வச்சா சளக்குன்னு தண்ணி மேல வருது, ரெண்டு துண்டு சேர்ற இடத்துல கோரை முளைக்குது, அழுகின வாடை வேற. எட்டு மாசத்துல பிடுங்கிப் போட்டோம். இது வருஷத்துல 170 நாள் பக்கம் மழை பெய்யற ஊரு, சராசரியா 2,100 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுது, அந்தத் தண்ணி எங்க போகும்னு யோசிக்காம போடற புல்லு எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் நிக்காது.

சரி, ஒண்ணொண்ணா வருவோம்.

முதல்ல, அது உங்க இடமான்னு பாருங்க

தரைவீடுன்னா உங்க வேலிக்குள்ள இருக்கறது உங்க இஷ்டம். வேலிக்கு வெளிய ரோட்டோரமா இருக்கற புல்வெளி உங்களுது இல்ல, அழகா இருக்கட்டுமேன்னு அங்கயும் சேர்த்து விரிச்சுடாதீங்க. வீட்டச் சுத்தி ஓடற வாய்க்காலயும் மூடக் கூடாது, அத மூடினா தண்ணி உங்க வீட்டுக்குள்ளதான் வரும்.

கொண்டோல (தனியார் அடுக்குமாடி) கீழ்மாடி வீடு வாங்கினவங்களுக்கு முன்னால ஒரு தளம் இருக்கும்ல, அங்க போடறதுக்கு மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டுடுங்க. சில இடத்துல டெபாசிட் கேப்பாங்க, வேலைக்கு வர்ற ஆளுங்க விவரம் கேப்பாங்க, சாமான் ஏத்தற லிஃப்ட்டுக்கு நேரம் பதிவு பண்ணச் சொல்வாங்க.

எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டுக்காரங்க நிறைய பேரு வாசல்ல, காரிடார்ல ஒரு துண்டு விரிக்கறாங்க. காரிடார் பொது இடம், ஆபத்து நேரத்துல ஆளுங்க ஓட 1.2 மீட்டர் வழி தடையில்லாம இருக்கணும்னு விதி. செயற்கைப் புல் பிளாஸ்டிக், தீப்பிடிக்கற சாமான், டவுன் கவுன்சில் எடுக்கச் சொன்னா எடுத்துத்தான் ஆகணும், அதுக்கு நூத்துக்கணக்குல செலவு பண்ணாதீங்க. பால்கனி இருக்கறவங்க தாராளமா விரிக்கலாம், ஆனா ஆணி அடிக்கறது, டிரில் போடறது வேண்டவே வேண்டாம். தரைக்குள்ள தண்ணி இறங்காம இருக்கற பூச்சு ஓட்டையாச்சுன்னா கீழ்வீட்டுக் கூரை ஒழுகும், அந்தச் செலவு புல்லவிட பல மடங்கு. தண்ணி போற ஓட்டை மேல புல்லு வராம வட்டமா வெட்டி விடுங்க.

அடுத்தது அளவு, காசு மிச்சம் பண்ற இடம் இதுதான்

செயற்கைப் புல் பாய் மாதிரி சுருளாத்தான் வரும். இங்க சாதாரணமா கிடைக்கறது 2 மீட்டர் அகலம், அதாவது 6 அடி 6 அங்குலத்த விடக் கொஞ்சம் கூட. 4 மீட்டர் அகலமும் உண்டு. உங்களுக்குத் தேவையானது 240 சதுர அடின்னா 240 மட்டும் வாங்க முடியாது, சுருளோட அகலத்துக்கு ஏத்த மாதிரிதான் வாங்கணும், எந்தப் பக்கமா விரிக்கறோம்ங்கறத வச்சு வீணாப் போறது மாறும்.

அக்கா வீட்டு கணக்கையே எடுத்துக்கோங்க. 20 அடி நீளவாக்குல விரிச்சா 12 அடி அகலத்துக்கு ரெண்டு துண்டு போதும், மொத்தம் 263 சதுர அடி வாங்கணும். அதையே குறுக்கால விரிச்சா 12 அடி நீளத்துல மூணு துண்டு போட்டும் 4 அங்குலம் பத்தாது, அந்த 4 அங்குலத்துக்காக நாலாவது துண்டு வாங்கணும், மொத்தம் 315 சதுர அடி ஆயிடும். 52 சதுர அடி சும்மா குப்பைக்குப் போகுது. சதுர அடி 4.50 வெள்ளின்னா 234 வெள்ளி. யாராவது குறுக்கால போடலாம்னு சொன்னா, அந்த 4 அங்குலத்துக்கு ஓரத்துல கூழாங்கல் கொட்டிக்கறேன், மூணு துண்டே போதும்னு சொல்லிப் பாருங்க, அப்ப 237 சதுர அடியிலயே முடிஞ்சுடும். ஆனா ஒட்டு ஒண்ணுக்கு ரெண்டா வரும், ஒட்டு கூடக்கூட பின்னாடி பிரியறதுக்கு வாய்ப்பும் கூடும், அதனால நாங்க நீளவாக்குலயே போட்டோம்.

என் கூட வேலை செய்யறவர் ஒருத்தரோட கொண்டோ தளம் 13 அடிக்கு 9 அடி. அவருக்கு 9 அடி நீளத்துல ரெண்டு துண்டு, அகலம் 13 அடி ஒண்ணரை அங்குலம், கச்சிதமா உட்கார்ந்துச்சு, 118 சதுர அடி. மாத்தி விரிச்சிருந்தா 171 ஆயிருக்கும். பேப்பர்ல ஒரு கட்டம் போட்டு ரெண்டு விதமாவும் கணக்குப் போட்டுட்டு அப்புறமா கடைக்கு போன் பண்ணுங்க, அஞ்சு நிமிஷ வேலைதான்.

இன்னொண்ணு, மரத்தடிய விட்டுடுங்க. அக்கா வீட்டுல அவங்க மாமியார், நாங்க அத்தைன்னு கூப்பிடறவங்க, வச்ச கறிவேப்பிலை மரம் ஒண்ணு இருக்கு, முதல் தடவ அதோட அடியில நெருக்கமா புல்லப் போட்டு மூடிட்டாங்க, இலையெல்லாம் மஞ்சளாயி கொட்ட ஆரம்பிச்சுடுச்சு, அத்தை தினமும் போயி நின்னு பார்த்துட்டு வருவாங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கும். ரெண்டாவது தடவ மரத்தச் சுத்தி ரெண்டடிக்கு மண்ண விட்டுட்டு செங்கல் வட்டம் கட்டினோம். இப்ப துளிர்த்து நல்லா வந்துடுச்சு, போன வாரம் கூட ஒரு கட்டு ஒடிச்சுட்டு வந்தேன்.

கீழ்த்தளம், முக்கால்வாசி விஷயம் இங்கதான் இருக்கு

உங்க இடம் சிமெண்ட் தளமா, டைல்ஸா, மண்ணான்னு பாருங்க. சிமெண்ட், டைல்ஸ்னா உங்களுக்கு பாதிச் செலவு மிச்சம். ஒரு பக்கெட் தண்ணிய ஊத்திப் பாருங்க, தண்ணி ஓட்டையப் பார்த்து ஓடினா நேரா விரிக்கலாம், அடியில தண்ணி ஓட இடம் விடற பிளாஸ்டிக் கட்டம் போட்டா இன்னும் நல்லது. எங்கயாவது குட்டையா நின்னா அந்த இடத்த முதல்ல சிமெண்ட் வச்சு சரி பண்ணணும். புல்லுக்கு அடியில தண்ணி தேங்கினா வாடை மட்டும் இல்ல, கொசு வரும், டெங்கி இருக்கற ஊர்ல அத லேசா விடக் கூடாது, சோதனைக்கு வர்றப்ப வீட்டுல கொசு உற்பத்தி ஆகறது தெரிஞ்சா அபராதமும் உண்டு.

மண்ணுன்னா வேற கதை. ரெண்டாவது தடவ வேலைக்கு வந்தவங்கள்ல அறந்தாங்கி பக்கத்து தம்பி ஒருத்தர் இருந்தாரு, பத்து வருஷமா இதே வேலை. குதிகாலால மண்ண ஒரு அமுக்கு அமுக்கிட்டு, "அண்ணே, இது களிமண்ணுண்ணே, இதுல தண்ணி எங்க இறங்கும், அதான் முன்ன போட்டது மிதந்திருக்கு"ன்னாரு. அவரு சொன்ன முறையத்தான் இங்க எழுதறேன்.

மேல்மண்ண மூணு நாலு அங்குலம் வெட்டி வெளிய எடுக்கணும். வேர், கல்லு எல்லாத்தையும் பொறுக்கணும். களை விடாத, ஆனா தண்ணிய விடற ஒரு துணி ஷீட் இருக்கு, அத விரிக்கணும். அது மேல ஜல்லி மூணு அங்குலம், அமுக்கற மெஷின வச்சு நல்லா இறுக்கணும், சும்மா கால்ல மிதிச்சா பத்தாது. அதுக்கு மேல ஒரு அங்குலம் கல்தூள், மறுபடி இறுக்கணும். இதெல்லாம் செய்யறப்பவே வாய்க்கால் பக்கமா சரிவு வச்சுடணும், 10 அடிக்கு 1 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தா போதும், கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியும். ஓரத்துல சிமெண்ட் கரையோ செங்கல்லோ இல்லன்னா ஜல்லி மெல்ல வெளிய நகர ஆரம்பிச்சுடும்.

எந்தப் புல்லு வாங்கறது

கடையில நாலஞ்சு விஷயம் சொல்லுவாங்க, குழம்பாதீங்க. இழை பாலிஎத்திலீன்னா மெத்துன்னு இருக்கும், வீட்டுக்கு அதான் சரி. பாலிபுரோப்பிலீன் விலை கம்மி, ஆனா கால்ல குத்தும், சீக்கிரம் படுத்துடும். நைலான் கெட்டி, ஆனா விலையும் கூட. உயரம் 30 மில்லிமீட்டர் பக்கம் இருந்தா வீட்டுக்குப் போதும், 40க்கு மேல போனா பார்க்கறதுக்கு நல்லா இருக்கும், நாற்காலி போட்டா படுத்துடும். பச்சை இழைக்கு நடுவுல பழுப்பு நிறத்துல சுருள் சுருளா இருந்தா பச்சை இழை நிமிர்ந்து நிக்கறதுக்கு அது தாங்கு குடுக்கும், காய்ஞ்ச புல்லு மாதிரியும் தெரியும்.

சாம்பிள் துண்டு கேளுங்க, குடுப்பாங்க. திருப்பிப் பார்த்து தண்ணி போற ஓட்டை இருக்கான்னு பாருங்க. ஒரு கொத்தப் பிடிச்சு நல்லா இழுங்க, கையோட வந்துச்சுன்னா வேண்டாம். ஒரு வாரம் வெயில்லயும் மழையிலயும் போட்டு வைங்க. குழந்தைங்க விளையாடற இடம்னா ஈயம் இல்லங்கற டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க, வெயிலுக்கு நிறம் மங்காதுங்கற வாரண்டி எத்தனை வருஷம்னு எழுத்துல வாங்குங்க. இழைங்களுக்கு நடுவுல நிரப்பறதுக்கு ரப்பர் தூள் வேண்டாம், சிலிக்கா மணல் போதும். ஐரோப்பிய ஒன்றியமே 2023ல விதி போட்டு, விளையாட்டு மைதானத்துல அந்த ரப்பர் தூள நிறுத்த எட்டு வருஷம் அவகாசம் குடுத்திருக்கு, மழையில அடிச்சுட்டு வாய்க்காலுக்குப் போயி கடல்ல கலக்கற சாமான் அது, நம்ம தோட்டத்துக்கு எதுக்கு.

இதெல்லாம் விடுங்க, வாங்கறதுக்கு முன்ன ஒரு விஷயம் தெரிஞ்சே ஆகணும், சூடு. நேர் வெயில்ல மதியம் செயற்கைப் புல் 60 டிகிரிக்கு மேலயும் போகும், வெறும் கால வைக்க முடியாது. அக்கா வீட்டுல நிழல் இருந்ததால பிரச்சனை இல்ல. நாள் முழுக்க வெயில் அடிக்கற இடம், நல்ல மண்ணு இருக்குன்னா நிஜப் புல்லே வைங்கன்னுதான் நான் சொல்லுவேன், கவ் கிராஸ் வெயில்ல ஜம்முனு வளரும், செலவும் கம்மி, மண்புழுவும் மைனாவும் வரும். வெயில் இல்லாத இடம், சேறாகற இடம், வயசானவங்க நடக்கற இடம், சிமெண்ட் தளம், இதுக்குத்தான் செயற்கைப் புல்.

இப்ப காசுக்கு வருவோம்

அக்கா வீட்டுல ரெண்டாவது தடவ ஆன செலவ அப்படியே போடறேன், உங்க இடத்துக்கு மாறும், ஆனா எந்தெந்தத் தலைப்புல காசு போகும்னு தெரியும். பழைய புல்ல எடுத்துட்டுப் போயி கொட்ட 300 வெள்ளி. மண்ணு வெட்டி அள்ளிட்டுப் போக, துணி ஷீட், ஜல்லி, கல்தூள், இறுக்கறது, ஓரக்கரை எல்லாம் சேர்த்து 1,400. புல்லு 263 சதுர அடி, 4.50 வெள்ளி வீதம் 1,183 வெள்ளி 50 காசு. விரிச்சு ஒட்டற கூலி, டேப், பசை சேர்த்து 480. மணல் 25 கிலோ மூட்டை அஞ்சு, 90. மொத்தம் 3,453 வெள்ளி 50 காசு. அதுக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி 310 வெள்ளி 82 காசு. கடைசியில குடுத்தது 3,764 வெள்ளி 32 காசு.

240 சதுர அடிக்கு வகுத்தா சதுர அடி 15.70 கிட்ட வருது. கடையில கேட்டது 4.50. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் கீழ்த்தளமும் கூலியும் வரியும். முதல்லயே இப்படிப் போட்டிருந்தா அந்த 1,440ம் பழசை எடுத்த 300ம் மிச்சம், அக்கா இன்னும் அதச் சொல்லி வருத்தப்படுவாங்க.

கொட்டேஷன் கேக்கறப்ப மூணு பேர்கிட்டயாவது வாங்குங்க, நேர்ல வந்து பார்க்காம போன்லயே விலை சொல்றவங்கள நான் எடுத்துக்க மாட்டேன். எல்லாம் சேர்த்துன்னு ஒத்த வரியில எழுதாம ஒவ்வொண்ணும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க: எத்தனை அங்குலம் வெட்டறாங்க, எத்தனை அங்குலம் ஜல்லி, மண்ண யாரு அள்ளிட்டுப் போறது, வீணாகற புல்லுக்கு யாரு காசு, லாரிக் கூலி உண்டா. சின்ன இடம்னா மினிமம் சார்ஜ் இருக்கான்னு கேளுங்க. ஜிஎஸ்டி 2024 ஜனவரியிலேர்ந்து 9 விழுக்காடு, ஆனா பதிவு பண்ணின நிறுவனம்தான் அத வாங்கலாம், பதிவு இருக்கான்னு வரி ஆணையத்தோட இணையப் பக்கத்துலயே தேடிப் பார்க்கலாம். முழுக் காசையும் முன்னாடியே பேநவ்ல (போன் வழியா) அனுப்பிடாதீங்க, கொஞ்சம் முன்பணம், ஜல்லி இறுக்கி முடிச்சதும் கொஞ்சம், மீதி கடைசியில. கட்டின ரசீது, வாட்ஸ்அப்ல பேசினது எல்லாத்தையும் வச்சுக்கோங்க. தகராறுன்னு வந்தா ஸ்மால் கிளெய்ம்ஸ் (சின்னத் தொகைத் தகராறு) நடுவர் மன்றத்துக்கு 20,000 வெள்ளி வரைக்கும் போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், வக்கீல் வேண்டாம். நாங்க எட்டு மாசத்துலயே போயிருக்கலாம், ஆனா எங்ககிட்ட எழுத்துல ஒண்ணுமே இல்ல.

நீங்களே போடறதா இருந்தா

பால்கனி, சிமெண்ட் தளம், நூறு சதுர அடிக்குள்ளன்னா நீங்களே செய்யலாம், கூலி மிச்சம். சுருள பிரிச்சு ரெண்டு மூணு மணி நேரம் வெயில்ல கிடக்கட்டும், மடிப்பு எடுபடும். எப்பவும் பின்பக்கமா திருப்பிப் போட்டு கட்டர் கத்தியால வெட்டுங்க, மேல்பக்கமா வெட்டினா இழையெல்லாம் போயிடும். ரெண்டு துண்டுலயும் இழை ஒரே பக்கமா சாயணும், மாறிப் போச்சுன்னா ரெண்டு நிறமா தெரியும், அப்புறம் சரி பண்ணவே முடியாது. வீட்டுக்குள்ளேர்ந்து பார்க்கறப்ப இழை நம்மளப் பார்த்து சாய்ஞ்ச மாதிரி இருந்தா அடர்த்தியா தெரியும். அதுவும் கஷ்டம்னா இக்கியா (IKEA) கடையில ‘ரன்னன்’னு (RUNNEN) ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டற பலகை மாதிரி இருக்கற புல்லு இருக்கு, ஒரு பாக்கெட் 0.81 சதுர மீட்டர், வாடகை வீட்டுக்காரங்களுக்கு அது வசதி, வீடு மாறுறப்ப கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம்.

மண்ணுத் தோட்டத்த தனியா செய்யாதீங்க. 240 சதுர அடிக்கு மூணு அங்குலம் வெட்டினாலே கிட்டத்தட்ட 1.7 கன மீட்டர் மண்ணு வரும், அத குப்பைத் தொட்டியில போட முடியாது.

போட்டதுக்கு அப்புறம்

மாசம் ஒரு தடவ இழை சாய்ஞ்சிருக்கற பக்கத்துக்கு எதிரா கெட்டித் துடைப்பத்தால பெருக்குங்க. இலைய அப்பப்ப எடுத்துடுங்க, மழையில ஊறினா பாசி பிடிக்கும். நாய் வளர்க்கறவங்க தினமும் தண்ணி அடிச்சு விடணும், அதுக்கும் ஒரு செலவு இருக்குன்னு முன்னாடியே மனசுல வச்சுக்கோங்க.

நெருப்புதான் இதுக்குப் பெரிய எதிரி. தீபாவளிக்குப் பிள்ளைங்க மத்தாப்பு கொளுத்தறது, கார்த்திகைக்கு அகல் வைக்கறது, பொங்கப் பானை, சாம்பிராணிக் கரி, பார்பிக்யூ, எதுவும் புல்லு மேல வேண்டாம், ஒரு பொறி விழுந்தாலே உருகி ஓட்டையாயிடும், அந்த வட்டத்த வெட்டி வேற துண்டு வச்சுத்தான் ஒட்டணும். அதனால மிச்சம் விழற புல்லுத் துண்ட தூக்கிப் போடாம சுருட்டி ஸ்டோர்ல வைங்க. அக்கா வீட்டுல துளசி மாடத்துக்கு முன்னாடி ரெண்டு டைல்ஸ் பதிச்சு விட்டுட்டோம், அத்தை விளக்கு வைக்கறது அங்கதான்.

வேலை முடியற அன்னிக்கு நீங்க வீட்டுல இருங்க. வந்த தம்பிங்களுக்கு வெயில் நேரத்துல குடிக்கத் தண்ணி குடுங்க, உட்கார நிழல் காட்டுங்க. அவங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஒட்டு மேல கைய வச்சுத் தடவிப் பாருங்க, ஓரத்தத் தூக்கிப் பாருங்க, அப்புறம் ரெண்டு மூணு பக்கெட் தண்ணிய ஒரே இடத்துல ஊத்திட்டு பத்து நிமிஷம் நில்லுங்க. தண்ணி இறங்கி வாய்க்கால் பக்கம் வந்துச்சுன்னா மீதிக் காச குடுத்துடுங்க. நின்னுச்சுன்னா அந்த இடத்தக் காட்டி, அன்னிக்கே பிரிச்சு சரிவ சரி பண்ணச் சொல்லுங்க.